முத்திரை நீந்தாது: தேர்வு நடத்துவோருக்கும் கலைச்சொல் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வு அமைப்பின் பொறுப்பாளர்களுக்கும், மொழிபெயர்ப்புப் பிரிவினருக்கும், கலைச்சொல் குழுவினருக்கும்,

உங்கள் வினாத்தாளின் 67ஆம் கேள்வியைப் பற்றியது இந்த மடல். தாளின் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். தமிழில் இப்படி இருந்தது:

"ஃபோகைன் என்னும் பெயரடை எதனைக் குறிக்கிறது? (அ) நீர்நாய்கள் (ஆ) முத்திரைகள் (இ) கடல்பசுக்கள் (ஈ) ஓங்கில்கள்."

சரியான விடை (ஆ) என்கிறது உங்கள் விடைக்குறிப்பு. அதாவது முத்திரை. தாலுகா அலுவலகத்தில் மைப்பெட்டியில் ஒற்றி எடுத்துக் காகிதத்தில் குத்துவார்களே, அது. இடப்பக்கத்தில் 'சீல்ஸ்' என்று இருந்திருக்கிறது, அதாவது கடல்நாய் என்னும் விலங்கு. அகராதியில் அந்தச் சொல்லுக்கு முதலில் கண்ணில் பட்ட பொருளை ஒரு மனிதரோ ஒரு கணினியோ எடுத்து வலப்பக்கத்தில் ஒட்டியாகிவிட்டது. பக்கத்திலேயே நீர்நாயும் கடல்பசுவும் ஓங்கிலும் நீந்திக்கொண்டிருக்கின்றன. அவற்றின் நடுவே ஒரு ரப்பர் ஸ்டாம்பு மிதக்கிறதே என்று அச்சுக்குப் போகும்வரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் குளச்சல் பக்கத்துக் கடலோர ஊரில் 29 ஆண்டுகள் தமிழ்வழியில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவள். இப்போது மாலை நேரத்தில் வீட்டுத் திண்ணையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் வந்து உட்காருகிறார்கள். முட்டம், கடியப்பட்டணம், மண்டைக்காடு என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். பெரும்பாலும் வள்ளத்தில் போகிறவர்களின் மக்கள். அவர்களில் ஒருத்தி தேர்வு எழுதிய அன்று மாலையே வினாத்தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"டீச்சர், மத்த மூணும் உயிருள்ளது. முத்திரை எப்பிடி டீச்சர் அதுல வரும்? அச்சுப் பிழைன்னு நினைச்சு அத விட்டுட்டேன்."

"அப்போ எதப் போட்ட மக்ளே?"

"நீர்நாய்."

ஏன் நீர்நாய் என்று கேட்டேன். அவள் சொன்ன பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. "நீங்கதானே டீச்சர் ஃபோசைன்னா கடல்நாய் சம்பந்தப்பட்டதுன்னு சொன்னீங்க. கடல்நாய் இல்ல. நாய்னு முடியறது அது ஒண்ணுதான் இருந்துச்சு."

அந்தப் பெண்ணுக்கு விடை தெரியும். தெரிந்த விடையைத் தாளில் தேடினாள். தாளில் அது இல்லை. ஒன்றரை மதிப்பெண் போயிற்று. உங்கள் தேர்வில் ஒன்றரை மதிப்பெண் என்றால் தரவரிசையில் எத்தனை நூறு பேர் பின்னால் தள்ளும் என்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

விதிப்படி ஆட்சேபணை போட்டோம். அதற்கான கட்டணத்தைக் கட்டியது அவளுடைய அம்மா. காலை ஐந்து மணிக்குச் சாளைப் பெட்டியைத் தலையில் ஏற்றி வீடு வீடாக விற்கும் அம்மா அவர். மூன்று வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. விடைக்குறிப்பு சரியானது என்பது ஒரு வரி. மொழிபெயர்ப்பில் வேறுபாடு இருப்பின் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது இன்னொரு வரி. இந்த இரண்டு வரியும் ஆங்கிலத்தில்தான் வந்தன.

ஆங்கிலப் பக்கத்தையும் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தாள். அங்கே 'சீல்ஸ்' என்று இருந்தது. எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு சீல் என்றால் என்ன தெரியுமா? வி.ஏ.ஓ. ஆபீசில் வாங்கும் சீல். வாடகை கட்டாத கடைக்கு நகராட்சிக்காரர்கள் வந்து வைக்கும் சீல். தண்ணீர்ப் பாட்டிலின் மூடியில் உடைக்கும் சீல். தமிழில் அந்தச் சொல் எப்போதோ குடியேறிவிட்டது, ஆனால் விலங்காகக் குடியேறவில்லை. ஆகவே ஆங்கிலப் பக்கமும் அவளிடம் முத்திரை என்றே சொன்னது. தமிழ்ப் பக்கம் அதை உறுதி செய்தது. இரண்டும் சேர்ந்து அவளை நீர்நாயிடம் தள்ளிவிட்டன.

இதில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்க விரும்பவில்லை. கடல்நாய் என்ற சொல்லைச் சொல்லிக் கொடுத்தபோது, சீல் என்ற ஆங்கிலப் பெயரையும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. தமிழில் சொன்னால் போதும் என்று நினைத்தேன். உங்கள் தேர்வில் தமிழ் போதாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

முதலில் உச்சரிப்பு. ஃபோகைன் அல்ல, ஃபோசைன். கிரேக்கத்தில் ஃபோக்கே என்றால் சீல். அது லத்தீனில் ஃபோக்கா ஆயிற்று. அதோடு 'ஐன்' என்ற ஒட்டுச் சேர்ந்தால் பெயரடை. நாய்க்கு கேனைன், பூனைக்கு ஃபீலைன், மாட்டுக்கு போவைன், கரடிக்கு அர்சைன் என்பது போல. பசுவுக்கு லத்தீனில் வாக்கா என்ற பெயரும் உண்டு. அதிலிருந்து வந்த பெயரடைதான் வாக்சின். பசு அம்மையை வைத்து எட்வர்ட் ஜென்னர் 1796இல் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய சொல் இன்று கொரோனா ஊசிவரை வந்து நிற்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் ஒருபோதும் மறப்பதில்லை. ஃபோசைனும் அப்படி நினைவில் நிற்கக்கூடிய சொல்தான். அதை முத்திரை குத்திக் கெடுத்தது நீங்கள்.

இந்தச் சொல்லுக்குப் பயன்பாட்டில் இரண்டு அளவுகள் உண்டு. பொது அகராதியில் 'சீல் சார்ந்த, சீல் போன்ற' என்று விரிந்த பொருள். விலங்கியலில் அதற்கு ஒரு குறுகிய பொருளும் உண்டு. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கலைச்சொல் பட்டியல் இங்கேதான் முழுதாக வழுக்கி விழுந்திருக்கிறது.

போன வருடம் என் பழைய மாணவன் ஒருவன், சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன், கேப்டவுன் துறைமுகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். மரத்தளத்தில் ஏழெட்டு உருப்படிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஈரத்தோல், எண்ணெய் பூசியதுபோல மினுமினுப்பு. ஒன்று மற்றொன்றின் முதுகில் ஏறி மிதித்துக்கொண்டு போயிற்று. கீழே இருந்தது வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டது, வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இருமுவதுபோல. 'டீச்சர், நீங்க சொன்ன கடல்நாய்' என்று எழுதியிருந்தான். திண்ணையில் பிள்ளைகள் எல்லோரும் போனைச் சுற்றி மொய்த்தார்கள். நான் வீடியோவை நிறுத்தித் தலைப்பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். "காதைப் பாருங்க." சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சின்னதாக, சுருட்டின வெற்றிலைபோல ஒரு காது மடல். அப்புறம் பின்கால் துடுப்பு. அதை உடம்புக்கு அடியில் முன்பக்கமாக மடக்கி ஊன்றி, அசைந்து அசைந்து நடந்தது. தவழவில்லை, நடந்தது.

அந்த இரண்டையும் பார்த்தால் போதும், அது உண்மையான சீல் இல்லை என்று சொல்லிவிடலாம். கேப் ஃபர் சீல் என்று பெயரில் சீல் இருந்தாலும் அது கடற்சிங்கத்தின் கூட்டம், ஒட்டாரிடே குடும்பம். காது மடல் உண்டு, பின் துடுப்பை மடக்கி நடக்கும், முன் துடுப்பை வீசி நீந்தும். உண்மையான சீல்கள் ஃபோசிடே குடும்பம். அவற்றுக்கு வெளிக்காது இல்லை, வெறும் துளைதான். பின் துடுப்பு முன்னே மடங்காது, ஆகவே கரையில் வயிற்றால் உந்தி உந்தித்தான் போகும். நீந்தும்போது பின்பக்கத்தைப் பக்கவாட்டில் வீசும். மூன்றாவதாக வால்ரஸ், தனிக் குடும்பம், ஒரே ஒரு இனம். இந்த மூன்று குடும்பத்துக்கும் சேர்த்துத் துடுப்புக்காலிகள் என்று தமிழில் நல்ல பெயர் இருக்கிறது. மூக்கில் பந்தை வைத்து விளையாட்டுக் காட்டுமே, அதையும் சீல் என்றுதான் பலர் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது கடற்சிங்கம்தான்.

இன்று வாழும் உண்மையான சீல் இனங்கள் 18. அவற்றை விலங்கியலார் இரண்டு துணைக்குடும்பமாகப் பிரிக்கிறார்கள். ஃபோசினே என்பது வடக்குக் கூட்டம்: துறைமுகச் சீல், வளையச் சீல், சாம்பல் சீல் முதலான 10 இனங்கள். மோனகினே என்பதில் துறவிச் சீல்கள், யானைச் சீல்கள், அண்டார்ட்டிக் சீல்கள் என்று 8. ஃபோசைன் என்ற சொல்லை விலங்கியலார் குறுகிய பொருளில் ஆளும்போது முதல் கூட்டத்தை மட்டும் சுட்டுவார்கள். நாலு டன் எடைவரை வளரும் யானைச் சீல் அகராதிப் பொருளில் ஃபோசைன், குறுகிய பொருளில் ஃபோசைன் அல்ல. கேப்டவுன் வீடியோவில் இருந்தது பேச்சுவழக்கில் வேண்டுமானால் ஃபோசைன், விலங்கியலில் எந்தப் பக்கம் வைத்தாலும் இல்லை.

இவ்வளவு நுணுக்கம் பள்ளிப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். கேள்வி கேட்டது நீங்கள்.

இந்தப் பெயரடை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 1987-88இல் ரஷ்யாவின் பைக்கால் ஏரியில் சீல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1988இல் வட ஐரோப்பாவின் கடலோரங்களிலும் துறைமுகச் சீல்கள் செத்து ஒதுங்கின, 17,000க்கு மேல். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயின் கிருமிதான் என்று முதலில் நினைத்தார்கள். ஆராய்ந்தபோது பைக்காலில் கொன்றது நாயின் கிருமியேதான், கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ். ஐரோப்பாவில் கொன்றது அதன் நெருங்கிய உறவான, அதுவரை யாரும் அறியாத புதுக் கிருமி. அதற்குத்தான் ஃபோசைன் டிஸ்டெம்பர் வைரஸ் என்று பெயர் வைத்தார்கள். 2002இல் மறுபடியும் வந்து 20,000க்கு மேற்பட்ட சீல்களைக் கொண்டுபோயிற்று. மனிதருக்குத் தட்டம்மை தரும் கிருமியும் இதே இனத்தொகுதிதான். செத்தவை இரண்டு இடத்திலும் சீல்கள். கொன்றது எது என்பதைச் சொல்லுவது அந்தப் பெயரடை ஒன்றுதான்.

உங்கள் கலைச்சொல் பட்டியலை வைத்து இதைத் தமிழில் எழுதினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். 'சீல்' என்பதற்கு 'முத்திரை, கடல்நாய், நீர்நாய்' என்று போட்டிருக்கிறீர்கள். 'ஃபோகைன்' என்பதற்கு 'கடற்பன்றி சார்ந்த' என்று இருக்கிறது. ஆக ஐரோப்பாவில் முத்திரைகளைக் கொன்றது கடற்பன்றிக் கிருமி. நல்லவேளை, டிஸ்டெம்பர் உங்கள் பட்டியலில் இல்லை. இருந்திருந்தால் அது சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பராக இருந்திருக்குமோ என்று எனக்குப் பயம்.

கடற்பன்றி எப்படி வந்தது என்று எனக்குப் புரிகிறது. கடற்பன்றியின் பேரினப் பெயர் ஃபோசீனா. எழுத்தில் ஃபோசைனுக்கு ஒட்டிப் பிறந்ததுபோல இருக்கும். ஆனால் கடற்பன்றி திமிங்கிலத்தின் உறவு. அந்த வம்சம் நீர்யானைக்கும் மாட்டுக்கும் பக்கத்தில் போய்ச் சேரும். சீல் ஊனுண்ணி வரிசை, கரடிக்கும் நாய்க்கும் நீர்நாய்க்கும் சொந்தம். கடல்பசுவோ யானையின் தூரத்துச் சொந்தம். நான்கையும் தண்ணீரில் போட்டதும் ஒன்றுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். வேடிக்கையைக் கேளுங்கள்: 67ஆம் கேள்வியில் நீங்கள் கொடுத்த விடைகளில் சீலுக்கு மிக நெருங்கிய உறவு நீர்நாய்தான். தவறான விடை போட்டவள், முத்திரை என்று அச்சிட்ட உங்களைவிட விலங்குக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

குமரிக் கரையில் குடியிருக்கும் சீல் இனம் கிடையாது. ஆகவே எங்கள் மீனவர்களிடம் அதற்குப் பழைய பெயர் எதிர்பார்க்க முடியாது. ஆனால் இருக்கிற உயிர்களுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர்களைக் கேளுங்கள். சாளை வேறு, நெத்திலி வேறு, அயிலை வேறு. நெய்மீனைச் சென்னையில் வஞ்சிரம் என்பார்கள், இங்கே அந்தப் பெயர் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஓங்கிலைப் பார்த்த எங்கள் பிள்ளைகள் அதை மீன் என்று சொல்ல மாட்டார்கள். மூச்சு விட மேலே வருவதை வள்ளத்திலிருந்து கண்ணால் கண்டவர்கள். வினாத்தாளில் ஓங்கில் என்று எழுதினீர்கள், அதற்கு நன்றி, டால்பின் என்று எழுதாமல். கடல்பசுவுக்குப் பாக் நீரிணைப் பக்கத்தில் ஆவுளியா என்றே பெயர். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் அதற்கான காப்பகமாக அரசு அறிவித்ததே, அந்த உயிர். இப்படிப்பட்ட பெயர்களோடு வளர்ந்த பிள்ளைக்குப் பெயர் தப்பாக இருந்தால் உடனே உறுத்தும். அவளுக்கு உறுத்தியது. உங்களுக்கு உறுத்தவில்லை.

கடல்நாய் என்ற பெயரும் முழுக்கக் குற்றமற்றது என்று சொல்ல மாட்டேன். பைக்கால் சீல் வாழ்வது நன்னீர் ஏரியில், அங்கே கடலும் இல்லை நாயும் இல்லை. ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் துறைமுகச் சீலுக்கு ஃபோக்கா விட்டுலினா என்று பெயரிட்டார். விட்டுலினா என்றால் கன்றுக்குட்டி போன்றது. அவருக்குக் கன்று, நமக்கு நாய். ஜெர்மன்காரர்களும் டச்சுக்காரர்களும் நம்மைப் போலத்தான், ஸேஹுண்ட் என்றும் ஸேஹோண்ட் என்றும் கடல்நாயாகவே அழைக்கிறார்கள். 1741இல் இதே குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு இங்கேயே தங்கி, அந்த அரசருக்கே படை பயிற்றி, உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகியிருக்கிறார். அந்த ஆளிடம் ஸேஹோண்ட் என்றால் என்ன என்று கேட்டிருந்தால் முத்திரை என்று சொல்லியிருக்க மாட்டார்.

உங்கள் பட்டியலில் இன்னொரு பதிவு. 'ஃபோகோமேலியா: கடல்நாய்க்கை நோய்.' ஃபோக்கேயோடு கிரேக்கத்தில் உறுப்பு என்று பொருள்படும் மெலோஸ் சேர்ந்த சொல் அது, வேர் சரிதான். ஆனால் அது மனிதக் குழந்தைகளைப் பற்றிய சொல். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961இல் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடு மாத்திரையைக் கர்ப்பிணிகள் சாப்பிட்டதால், உலகம் முழுவதும் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகள் குறைகளோடு பிறந்தார்கள். பலருக்குக் கையோ காலோ வளராமல் குட்டையாக இருந்தது. அந்த மனிதர்களைத் தமிழில் புதிதாக ஒரு விலங்கோடு சேர்த்துக் கட்ட வேண்டுமா? அது நோயும் அல்ல. 'பிறவிக் குறுங்கைகால் குறைபாடு' என்று எழுதுங்கள். வேரை மொழிபெயர்ப்பது எல்லா இடத்திலும் புத்திசாலித்தனம் ஆகாது.

தமிழுக்கு இந்தப் பெயரடைத் தொல்லையே பெரிதாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் நாய்க்கு ஒரு சொல், நாய் சார்ந்ததற்கு லத்தீனிலிருந்து கடன் வாங்கிய இன்னொரு சொல். நமக்கு நாய்க்கடி, பூனைக்கண், யானைக்கால், மாட்டுத்தோல். பெயரையே முன்னால் வைத்துவிட்டால் அது பெயரடையின் வேலையைச் செய்துவிடும். சந்தி ஒன்று சேரும், அவ்வளவே. ஃபோசைன் என்று எங்கு வந்தாலும் 'சார்ந்த' என்று இழுக்க வேண்டியதில்லை. கடல்நாய்க் குடும்பம், கடல்நாய் டிஸ்டெம்பர் வைரஸ், கடல்நாய் மண்டையோடு. 'போன்ற' என்ற பொருள் வரும் இடத்தில் மட்டும் கடல்நாய் போன்ற. துணைக்குடும்பத்தைக் குறிக்கும் இடத்தில் 'ஃபோசினே துணைக்குடும்பத்து' என்று திட்டமாக எழுதினால் குழப்பம் தீர்ந்தது. என் திண்ணையில் பதினேழு வயதுப் பிள்ளைகள் இதை ஒரு மாலையில் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது வரி. 'ஆங்கில வடிவமே இறுதியானது.' இதை நீங்கள் எல்லா வினாத்தாளின் முகப்பிலும் அச்சிடுகிறீர்கள். சட்டச் சிக்கலுக்கு ஒரு விதி வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த வரி இப்போது விதியாக இல்லை, மொழிபெயர்ப்புப் பிரிவுக்குக் குடையாக இருக்கிறது. எத்தனை தப்பு பெய்தாலும் அவர்கள் நனைவதில்லை. நனைவது தமிழில் படித்த பிள்ளை. ஆங்கிலவழியில் படித்தவர் 67ஆம் கேள்வியில் ஒரு கணம்கூடத் தயங்கியிருக்க மாட்டார். இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே கட்டணம் கட்டி, ஒரே மணியடித்து எழுத ஆரம்பித்தவர்கள். ஒருவருக்குக் கேள்வியும் மற்றவருக்குப் புதிரும் கொடுத்திருக்கிறீர்கள்.

பாதிக்கப்பட்டது ஒரு பிள்ளைதானே என்று நினைக்க வேண்டாம். என் திண்ணையிலிருந்து அந்தத் தேர்வை எழுதியவர்கள் ஆறு பேர். முத்திரையைத் தொட்டவர் ஒரே ஒருவன். ஏன் போட்டாய் என்று கேட்டேன். "மூணு மிருகத்துக்கு நடுவுல ஒண்ணு மட்டும் சம்பந்தமில்லாம இருந்துச்சு டீச்சர். அதுதான் தப்பா மொழிபெயர்த்ததா இருக்கும், அதனால அதுதான் சரியான விடையா இருக்கும்னு போட்டேன்" என்றான். கெட்டிக்காரன். அவனுக்கு ஒன்றரை மதிப்பெண் கிடைத்தது விலங்கியலுக்காக அல்ல, உங்களைப் பற்றிய அவனுடைய அனுபவத்துக்காக.

ஆகவே கேட்கிறேன். 67ஆம் கேள்விக்குத் தமிழ்வழித் தேர்வர்கள் எல்லோருக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள், அல்லது அந்தக் கேள்வியையே அனைவருக்கும் நீக்கிவிட்டுத் தரவரிசையை மறுபடி வெளியிடுங்கள். இரண்டில் எது என்பது உங்கள் விருப்பம், ஆனால் கலந்தாய்வுக்கு முன்னால் நடக்க வேண்டும். அதற்குப் பிறகு செய்தால் பயனில்லை.

கலைச்சொல் பட்டியலில் சீல் என்ற விலங்குக்குக் கடல்நாய் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, முத்திரையை ஆட்சித்துறைப் பட்டியலுக்கு அனுப்புங்கள். நீர்நாயை அதன் ஆற்றுக்கு விடுங்கள். ஃபோகைன் என்பதை ஃபோசைன் என்று திருத்தி, இரண்டு பொருளையும் பிரித்துக் கொடுங்கள். கடற்பன்றியை எடுத்துவிடுங்கள். ஃபோகோமேலியா பதிவை இன்றே மாற்றுங்கள், அதற்குக் குழு கூடும்வரை காத்திருக்க வேண்டாம்.

இனி அச்சுக்குப் போகும் முன், ஆங்கிலப் பக்கத்தை மூடிவைத்துவிட்டுத் தமிழ்ப் பக்கத்தை மட்டும் பாடம் தெரிந்த ஓர் ஆசிரியரிடம் கொடுத்து விடை எழுதச் சொல்லுங்கள். அவரால் எழுத முடியாத கேள்வி வெளியே போகக் கூடாது. இதற்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மாவட்டம் முழுவதும் இருக்கிறோம், ஊதியம் கேட்க மாட்டோம். தமிழ் வடிவம் கண்கூடாகத் தவறு என்று நிரூபிக்கப்படும் இடத்தில் 'ஆங்கில வடிவமே இறுதி' என்ற வரி செல்லாது என்று முகப்பிலேயே ஒரு வரி சேருங்கள். ஆட்சேபணை சரியென்று தெரிந்தால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

இந்த மடலுக்கான பதிலைத் தமிழில் அனுப்புங்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
கன்னியாகுமரி மாவட்டம்